ஆட்டோகேடா ரெவிட்டா? முதல்ல ஃபைல் யாருக்குப் போகுதுன்னு பாருங்க

பில்டிங் டிராயிங் போடுற சாஃப்ட்வேர்ல ஆட்டோகேட் கத்துக்கட்டுமா ரெவிட் கத்துக்கட்டுமான்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், நீங்க வரையுற டிராயிங் யார் கைக்குப் போகும்? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், கான்ட்ராக்டர்னு அத்தனை பேரும் டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேடோட ஃபைல் வகை) ஃபைல்தான் கேக்குறாங்கன்னா பாதி முடிவு அங்கேயே ஆயிடுச்சு. 1982ல வந்த ஆட்டோகேட் இன்னும் அசையாம நிக்குறதுக்கு அந்த ஃபைல்தான் பெரிய காரணம். அதுக்காக ஆட்டோகேடே வாங்கணும்னு இல்ல, பிரிக்ஸ்கேட் மாதிரி சிலதும் அதே ஃபைலைத் திறந்து சேவ் பண்ணும், கமாண்டும் பெரும்பாலும் அதேதான், கை பழகுனவங்க சுலபமா மாறிடலாம்.

ரெவிட், ஆர்க்கிகேட் எல்லாம் வேற ரகம். அங்க நீங்க கோடு போடல, சுவரையே வைக்கிறீங்க, ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுனா பிளான், செக்‌ஷன், எலிவேஷன் (வெளித் தோற்றம்), ஜன்னல் ஷெட்யூல் (பட்டியல்) எல்லாம் கூடவே மாறிடும். வெறும் 2டி டிராயிங்ல பிளான்ல மாத்திட்டு எலிவேஷன்ல விட்டுட்டா சைட்ல மேஸ்திரி எதைப் பாத்து கட்டுவாரு சொல்லுங்க? அடிக்கடி மாத்தம் வர்ற பெரிய பில்டிங்குக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனா ஒத்த ஆளா சின்னச் சின்ன வீடு பண்றவங்களுக்கு டெம்ப்ளேட், ஃபேமிலி (கதவு, ஜன்னல் மாதிரி திரும்பத் திரும்ப வைக்கிற பாகங்கள்) எல்லாம் செட் பண்றதுக்குள்ளயே தாவு தீந்துடும், என்னைக் கேட்டா அவங்களுக்கு 2டியே போதும்.

ரெவிட்ல இன்னொரு வில்லங்கம், புது வெர்ஷன்ல சேவ் பண்ணது பழைய வெர்ஷன்ல திறக்காது, இறக்கி சேவ் பண்ணவும் வழி இல்ல (ஆட்டோகேட்ல அது உண்டு), அதனால ஒரே புராஜெக்ட்ல இருக்குற எல்லாரும் ஒரே வருஷ வெர்ஷன்ல இருந்தாகணும். மேக் வச்சிருக்கீங்கன்னா ரெவிட்டை மறந்துடுங்க, அது விண்டோஸுக்கு மட்டும்தான், ஆர்க்கிகேடும் வெக்டர்வொர்க்ஸும் ரெண்டுலயும் ஓடும். ஸ்கெச்சப்னு ஒரு 3டி சாஃப்ட்வேர், கிளையண்ட்டுக்குக் காட்ட அருமை, ஒர்க்கிங் டிராயிங்குக்கு நான் அதை மட்டும் நம்ப மாட்டேன்.

ஐ.எஃப்.சி.ல (எந்த சாஃப்ட்வேருக்கும் பொதுவான மாடல் ஃபைல் வகை) மாத்திக்கலாமேன்னு சொல்வாங்க. மாடலை ஒண்ணா வச்சு ஏசி டக்டும் பீமும் எங்க மோதுதுன்னு பாக்க நல்லாவே உதவும், ஆனா ரெவிட்ல செஞ்ச கதவு ஆர்க்கிகேட்ல அப்படியே எடிட் பண்ற மாதிரி வரும்னு எதிர்பாக்காதீங்க.

டிரையல் போட்டா அவங்க தர்ற சாம்பிள் வீட்டைச் சுத்திப் பாத்து மயங்காதீங்க. ஏற்கனவே முடிச்ச உங்க புராஜெக்ட்ல ஒரு படிக்கட்டு, ஒரு டாய்லெட் டீடெயில் வரைஞ்சு, ஸ்கேல்ல பிரிண்ட் எடுத்து, அதே ஃபைலை இன்ஜினியருக்கு அனுப்பி அவர் திருத்தித் திரும்ப அனுப்பட்டும். லேயர், ஹேட்ச், ஃபான்ட், டைமென்ஷன்ல எது உடைஞ்சு வருதுன்னு பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க.