அங்கேயும் ஓரத்தில்

நேற்று கேரள எல்லையோரம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்து பாலக்காடு போனேன். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடினோம். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே 34 வயதில்தான். இனி நம்ம ஆட்களோடு இருக்கலாம் என்று அவ்வளவு ஆசையாகப் போனேன்.

சத்தம் தாங்காமல் ஒருவர் ஃபேனை நிறுத்தினார். எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்கோ அந்த ஒரே சீரான இரைச்சல் இருந்தால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கும். கேட்க வாய் வரவில்லை. பேச்சு மலையாளத்தில் ஓடியது. பதிலைத் தமிழில் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். (பொள்ளாச்சிப் பக்கம் போனால் நான் மலையாளத்துக்காரன், பாலக்காட்டில் ‘பாண்டி’, அதாவது தமிழன். அது சின்ன வயசிலிருந்தே பழகிவிட்டது. இது புதுசாக வலிக்கிறது.)

ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதைப் படித்து அழுதிருக்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். எங்களுக்குள்ளேயே வரும் புரியாமையை என்ன செய்வது? 2013இல் அமெரிக்க மனநலக் கையேடு ஆஸ்பெர்கர் உட்படத் தனித்தனியாக இருந்த பல பெயர்களை ஆட்டிசம் என்ற ஒன்றுக்குள் சேர்த்தது. அந்த ஒரே பெயருக்குள் நாங்கள் எத்தனை விதம்!

அடுத்த மாதமும் போவேன். பக்கத்து அறையில் ஃபேன் போட்டு, கதவைத் திறந்து வைத்து உட்காரலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கப்போகிறேன்.