அரைச் சாண் தண்டவாளம்

“ஏலத்தில் எடுத்தது தம்பி, ரசீது கூட இருக்கிறது” என்றார் பெரியவர். நான் அதுவரை வாயே திறக்கவில்லை. காரைக்குடிப் பக்கம் கண்டனூர் புதுவயல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டுக் கொல்லை. கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்த நீளமான இரும்புத் தொட்டியைக் குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். ரயில்வே இரும்பைக் கணக்குக் காட்டாமல் வைத்திருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளே தள்ளிவிடும். முன்பின் தெரியாத ஒருவன் கையில் அளவு நாடாவோடு கொல்லைக்குள் வந்து நின்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

நான் அதிகாரி இல்லை, பழைய ரயில் பைத்தியம் என்று புரியவைக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆயிற்று. பிறகு அவரே தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காட்டினார். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற இரும்பு ஸ்லீப்பர் கட்டை. பாதையில் குப்புறக் கிடந்தது, கோழிகளுக்காக மல்லாந்து படுத்திருக்கிறது. தண்டவாளத்தைப் பிடித்திருந்த இடங்களில் இருந்த ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். இரண்டு பக்கத்து அடைப்புகளுக்கும் நடுவே நாடாவைப் பிடித்தேன். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் விட்டுப் போட்ட பழைய மீட்டர் கேஜ் பாதைக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இன்றைய அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். “கோழிக்குத் தெரியுமா இதெல்லாம்?” என்றார் பெரியவர். அவர் மனைவி உள்ளிருந்து சிரித்தார்.

கண்டனூர் புதுவயல் வழியாகப் போகிற அந்தப் பாதையின் கதையே தனி. பட்டுக்கோட்டை வழியாக 1903இல் அறந்தாங்கி வரை வந்த ரயில், அங்கேயே ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றுகொண்டது. காரைக்குடியைத் தொட்டது 1952இல்தான். 2012இல் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது, 2018இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. இடையில் ஆறு வருடம். பெயர்த்தெடுத்த இரும்பு லாரி லாரியாகப் போயிற்று. கொஞ்சம் மட்டும் சுற்றுவட்டாரத்திலேயே வேலிக்காலாக, சாக்கடைப் பாலமாக, கோழித் தொட்டியாக வேறு பிழைப்புத் தேடிக்கொண்டது. எழும்பூரில் கிளம்பி மாயவரம், திருவாரூர் என்று ஊரெல்லாம் சுற்றி இந்த வழியாகக் காரைக்குடி வந்த கம்பன் எக்ஸ்பிரஸில் சிறுவயதில் போயிருக்கிறேன். அறந்தாங்கியில் அம்மா உலுக்கி எழுப்பி முகம் கழுவ வைத்ததுதான் நினைவில் நிற்கிறது; ரயில் நினைவில் இல்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைத்துக்கொண்டிருக்கிறேன் போலும்.

செட்டிநாட்டில் பழைய ரயிலைத் தேடுகிறவன் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இங்கே ரயில் தாமதமாகத்தான் வந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929, அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930. அதற்கு முன்பே இங்கே பெரிய வீடுகள் பல எழும்பிவிட்டன. அந்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலிப் பளிங்கும் கடைசிக் கட்டத்தைக் கடந்தது மாட்டு வண்டியில். ரயில் வந்த நேரமோ, உலகச் சந்தையே மந்தமாகிச் சரிந்த நேரம். 1930 கடைசியில், இந்த ஊர்க்காரர்கள் வட்டிக் கடை வைத்துப் பொருளீட்டிய பர்மாவில் விவசாயிகளின் கிளர்ச்சியும் வெடித்தது. சுமக்க வண்டி வந்தது, சுமை குறைந்துவிட்டது. ஆகவே ரயிலின் மிச்சத்தை முகப்பு வைத்த அந்த வீடுகளில் தேடிப் பயனில்லை. வளவு, பட்டாலை என்று அந்த வீடுகளின் முற்றமும் கூடமும் பார்க்கக் கூட்டம் வரட்டும், நான் கொல்லைப்புறமாகப் போகிறேன்.

ஆள்களை என்னவோ ரயில் நன்றாகவே சுமந்தது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பதினான்கு வயதில் பெட்டியடிப் பையனாக, வட்டிக் கடையில் எடுபிடி வேலைக்கு, கொழும்புக்குப் போனவர். காரைக்குடியில் ஏறி தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், மறுபடி ரயில். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமுக்காளம், ஆயா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. சோறு பாம்பன் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது என்பதை எண்பது வயதிலும் வருத்தத்தோடு சொல்வார். 1964 புயலோடு தனுஷ்கோடி போயிற்று. இரவில் காரைக்குடியைக் கடக்கிற ராமேஸ்வரம் வண்டிக்கு மட்டும் இன்னும் போட் மெயில் என்றே பெயர். போட் இல்லாமல் அறுபது வருடம் ஓட்டிவிட்டார்கள்.

பெயர் என்றதும் தேவகோட்டை ரஸ்தாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. காரைக்குடிக்குத் தெற்கே அடுத்த நிலையம். தேவகோட்டை ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்குப் போகிற சாலையில் நிலையம் வைத்தால் ஊர்ப் பெயரோடு ‘ரோடு’ என்று ஒட்டிவிடுவது ரயில்காரர்கள் வழக்கம். தமிழில் அது பாரசீகச் சொல்லாகிய ரஸ்தாவாக உட்கார்ந்து, பஸ் பலகையிலும் ஏறி, ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. இதை யாரும் ஏலம் விட முடியாது. ‘கைகாட்டி’ விஷயத்தில்தான் ஏமாந்தேன். கைகாட்டி என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பழைய சிக்னல் மரம் நின்ற இடம் என்று நம்பி வெயிலில் போய் இறங்கினால், அது சாலையில் ஊர்ப் பெயருக்குத் திசை காட்டும் கல்.

நிலையங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் எல்லாவற்றிலும் இறங்கிப் பார்த்தேன். உயர்த்திய நடைமேடை, மேலே மின்கம்பி, மஞ்சள் பலகை. எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, எனக்குத்தான் பயனில்லை. காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற கடைகளில் ஒன்றில் பித்தளைக் கைவிளக்கு காட்டினார்கள். சிவப்பு, பச்சைக் கண்ணாடி சுழல்கிறது, தென்னிந்திய ரயில்வேயின் மூன்று ஆங்கில எழுத்துகளும் பொறித்திருக்கின்றன. அந்த ரயில்வே 1951இல் தெற்கு ரயில்வேயில் கரைந்துவிட்டது. எழுத்தின் ஓரங்களோ போன தீபாவளிக்கு வெட்டியது போலக் கூர்மையாக இருந்தன. விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பீங்கான் ஜாடியை வெகுநேரம் ரசித்துவிட்டு வெளியே வந்தேன்.

கடைசி நாள் கல்லல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. வேப்பமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் பள்ளிக்கூட மணி. தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிகளில் இது உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழையதா புதியதா என்று அறிய என்னிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள இன்றைய தண்டவாளம் முக்கால் சாண் உயரம். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம் அரைச் சாண். விரலை விரித்து வைத்தேன். அரைச் சாண்.

அடுத்தது எழுத்து. தண்டவாளத்தின் இடுப்பில், அதை உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். தலைமையாசிரியை அனுமதியோடு தேங்காய் நாரால் துருவைத் தேய்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். முதலில் ‘பாரோ’ என்று ஆங்கிலத்தில் தெரிந்தது. வட இங்கிலாந்தில் பாரோ என்ற ஊரில் இருந்த எஃகு ஆலை. இந்தியாவுக்கு நிறையத் தண்டவாளம் அனுப்பியது. அதற்கடுத்து ஆண்டு. ஒன்று, எட்டு, எட்டு. கடைசி இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது.

இந்தப் பக்கம் ரயில் வருவதற்கு நாற்பது வருடம் முந்தைய இரும்பு! முக்கியப் பாதைகளில் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றிக் கிளைப்பாதைக்கும் சரக்கு வண்டி நிறுத்தும் பக்கப் பாதைக்கும் போடுவது ரயில்வேயில் எப்போதும் நடப்பதுதான். மூத்தவன் சட்டை இளையவனுக்கு வருவது மாதிரி. இது எந்தப் பாதையில் எத்தனை வண்டிகளைத் தாங்கிவிட்டு இந்த வேப்பமரத்துக்கு வந்ததோ. பிள்ளைகளிடம் சொன்னேன். “அப்போ எங்க அப்பத்தாவை விடப் பெரிசா?” என்று கேட்டாள் ஒருத்தி. அப்பத்தாவின் அப்பத்தாவுக்குச் சமம் என்றேன். கொஞ்சம் மரியாதையோடு எல்லோரும் பின்வாங்கினார்கள்.

மணி நான்கு பத்து ஆனதும் ஒரு பையன் ஓடிவந்து சன்னலோரத்திலிருந்து ஒரு கனத்த ஆணியை எடுத்து ஓங்கி அடித்தான். காது அடைத்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சிதறினார்கள். அந்த ஆணியைக் கொடு தம்பி என்று வாங்கிப் பார்த்தேன். உருண்டைத் தலை, கழுத்தருகே நீள்வட்டம், முனையில் தேய்ந்த மரை. இரண்டு தண்டவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிற பிஷ் போல்ட். “இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“அதுவும் ஏலத்தில் எடுத்ததுதான் சார்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.