கொண்டை ஊசி வளைவில் ஹெரால்டும் ஃபியட்டும்

குன்னூரில் எங்கள் வீட்டில் ஃபியட் 1100 நின்றது. இரண்டு வளைவு கீழே, மாமா வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எது நல்ல வண்டி என்ற வாதம் வந்தால் அப்பா எண்களைச் சொல்வார். மாமா பதில் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இரண்டையும் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில், அந்த எண்களில் எவை மலைக்குப் பொருந்துகின்றன என்று எழுதிப் பார்க்கிறேன்.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த வண்டியை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்தது. இத்தாலிய ஃபியட்டை பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரித்தது. அதுவே பின்னாளில் பத்மினி ஆயிற்று. ஆங்கிலேய ஹெரால்டின் உருவத்தை வரைந்த மிக்கேலோத்தியும் இத்தாலியர் என்பதால், இந்த வழக்கில் இரு கட்சியும் இத்தாலிதான் என்று அப்பாவைச் சீண்டியதுண்டு.

ஃபியட்டின் எஞ்சின் 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். ஹெரால்டுக்கு 948 சிசி, சுமார் 35. கேட்பதற்குப் பெரிய வித்தியாசம்போல இருக்கும். ஆனால் ஃபியட் ஏறக்குறைய 900 கிலோ, ஹெரால்டு ஏறக்குறைய 800 கிலோ என்பதால், எடையோடு சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் வந்து நிற்கின்றன. அதிலும் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், எஞ்சின் தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரோ, சமவெளிக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டிருந்தால், பெட்ரோலை மட்டும் குறைக்காமல் விட்டுக்கொண்டே இருப்பதால் பிளக் கருத்துப்போகும். மேலே ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் இறங்குகிறது: குன்னூரில் சுமார் 94 டிகிரி. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்து உள்ளே அழுத்தம் நிற்காவிட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியிலுள்ள பர்லியாரில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றாமல் எந்த வண்டியும் மேலே வராது.

ஹெரால்டு தன் பெருமையைக் காட்டும் இடம் வளைவு. அதன் திருப்பு வட்டத்தின் விட்டம் 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர், அக்காலக் கார்களில் இது வியப்புக்குரிய அளவு. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஃபியட்டை முன்னும் பின்னுமாக இரண்டு முறை நகர்த்தித் திருப்ப வேண்டிய வளைவை மாமா ஒரே சுற்றில் கடப்பார். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும் பானெட்டும் ஒரு வசதி. டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பார்க்கலாம். வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மணிக்கு 60 மைலை எட்ட ஹெரால்டுக்கு அரை நிமிடம் ஆகும், மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் அந்த வேகம் யாருக்குத் தேவை?

இறக்கத்தில்தான் கதை மாறுகிறது. ஹெரால்டின் பின்சக்கரங்கள், நடுவிலிருந்து எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலிலிருந்து மேலும் கீழும் ஆடும் தனித்தனி அச்சுகளில் நிற்கின்றன. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ, எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் எழும்பும். சக்கரம் உள்பக்கமாக மடங்கி, டயர் விளிம்பில் நிற்க, வண்டியின் வால் வெளியே வழுக்கும். ஃபியட்டின் பின்புறத்தில் இருப்பதோ பட்டைவில்லின்மேல் அமர்ந்த ஒரே அச்சு. மேடுபள்ளத்தில் குலுக்கும், ஆனால் சக்கரம் சாயாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் இறங்க வேண்டுமானால் நான் ஃபியட்டைத்தான் எடுப்பேன்.

ஹெரால்டுக்குப் பின் 1972-ல் அதே 948 சிசி எஞ்சினோடு ஸ்டாண்டர்டு கெஸல் வந்தபோது, ஆடும் அச்சுகளைக் கைவிட்டு, ஃபியட்டைப் போலவே ஒரே அச்சு பொருத்தியிருந்தார்கள். அப்பா இதை எடுத்துச் சொன்னால் மட்டும் மாமா சாவியைத் தேடமாட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார்.