மெழுகுக் காதும் அப்புவின் காதும்

சிங்கப்பூரில் எதைப் பார்க்க விருப்பம் என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது ஐயா யோசிக்கவே இல்லை. "அந்த மெழுகுச் சிலைகளைப் பார்க்க வேண்டும், பிள்ளை" என்றார். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கு நாற்பது வருடமாக வாகனம் செதுக்கியவர் அவர். கொழும்பு வரை ரயில், பிறகு விமானம். மறுநாளே செந்தோசாத் தீவில் நின்றோம்.

2014இல் திறக்கப்பட்ட மேடம் துசாட்ஸ் காட்சியகம் அது. காஜல் அகர்வாலின் சிலையோடு படமெடுக்க எல்லோரும் முண்டியடித்தார்கள். ஐயாவோ ஒரு பந்தாட்ட வீரரின் முதுகுப்பக்கம் போய் நின்றுவிட்டார். உச்சந்தலையில் மயிர்கள் ஒவ்வொன்றாக ஊன்றப்பட்டிருந்தன. சுழிகூடத் தப்பவில்லை. கண்வெள்ளையில் தெரியும் செந்நரம்புகள் பட்டுநூல் இழைகள். தலையும் கைகளும் மட்டுமே மெழுகு. உடம்பு கண்ணாடி இழை. மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால் ஆளைவிட 2 சதவீதம் பெரிதாகவே முதலில் களிமண்ணில் உருவாக்குகிறார்கள். அதைச் சொன்னதும் ஐயாவின் முகம் மலர்ந்தது. "மரமும் அப்படித்தான். பச்சை மரத்தில் உளி வைத்தால் காய்ந்தபின் முகமே மாறிவிடும்."

ஒருவரைச் சிலையாக்க 200க்கும் மேற்பட்ட அளவுகள் எடுப்பார்கள். மேரி துசாட் இந்த வேலையைப் பாரிஸில் கர்டியஸ் என்ற மருத்துவரிடம் பழகியவர். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்டவர்களின் முகங்களையும் அச்செடுத்தவர். 1802இல் பிரித்தானியாவுக்கு வந்து, 1835இல் லண்டன் பேக்கர் வீதியில் நிலையான காட்சியகம் அமைத்தார். வெட்டுண்ட தலைகளின் கதையை நான் சொன்னபோது ஐயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்த வீரரின் காதுமடலை ஒரு விரலால் தொட்டார்.

"சாமிச் சிலைக்குச் சிற்பநூல் சொல்லும் உத்தம தசதாலம் என்ற அளவில், உயரம் 124 அங்குலப் பங்கு. சாமியை யார் கண்டது? ஆனாலும் அளவு இருக்கிறது. என் அப்புவை இருபத்தெட்டு வருடம் கண்ணால் கண்டேன். அவருக்கு ஓர் அளவும் என்னிடம் இல்லையே."

அப்பப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, படங்கள் இருந்த தகரப்பெட்டியை எடுக்க நேரமிருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை.

சிங்கப்பூரில் இன்னும் நான்கு நாள் சுற்றினோம். அவற்றில் எதுவும் என் மனத்தில் நிற்கவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், பின்வளவுக் கொட்டிலில் கொட்டாப்புளிச் சத்தம் கேட்டது. நன்றாகக் காய்ந்த வேப்பங்கட்டை ஒன்றில் நெற்றியும் மூக்கும் வந்துவிட்டிருந்தன. காது இருக்கவேண்டிய இடத்தில் ஐயா உளியை வைக்காமல் நிறுத்தியிருந்தார். பின்னேரம் மாமி வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, அப்புவின் காதுச்சோணை எப்படி இருந்தது? ஞாபகம் இருக்கிறதா?"

மாமி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். கை தானாகவே தன் இடது காதுக்குப் போனது. "கடுக்கன் போட்ட துளை இழுபட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அண்ணை. இந்தப் பக்கம் மட்டும்தான்."

ஐயா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.