பத்தடி மெஷ் டிஷ் வீடு வந்தது, நாலு வாஷர் மிச்சம்

நேற்றுக் காலை ஏழே முக்காலுக்கு டிஷ்ஷின் விளிம்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்காகக் கட்டிய நூல் நூலைத் தொட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்காகவே போயின. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். செயற்கைக்கோள் சேனல் பார்க்கும் இந்த டிஷ் இன்னும் நிரந்தரமாக நிற்கவில்லை, கான்கிரீட் வேலை பாக்கி.

ஆறடி டிஷ்ஷை ஏன் மாற்றினேன் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழக்கு 66 டிகிரியில் இன்டெல்சாட் 17 செயற்கைக்கோள், பக்கத்திலேயே 68.5-ல் இன்டெல்சாட் 20. நடுவில் இரண்டரை டிகிரிதான். ஆறடி டிஷ்ஷுக்கு சி பேண்டில், அதாவது இந்தச் சேனல்கள் வரும் 4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகளில், பார்வை அகலம் ஏறக்குறைய 2.9 டிகிரி. ஒன்றைப் பார்க்கும்போதே அடுத்ததும் உள்ளே வந்து கலக்கும். எல்.என்.பி. (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவி) மாற்றினேன், கேபிள் மாற்றினேன், எதுவும் உதவவில்லை. பத்தடியில் அந்த அகலம் 1.7 டிகிரிக்கு வந்துவிடும். பரப்பு 2.8 மடங்கு, அதாவது 4.4 டெசிபல் கூடுதல்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பழைய கேபிள் கண்ட்ரோல் ரூம். டிஜிட்டல் கட்டாயமான பிறகு அதன் உரிமையாளரும் பெரிய நெட்வொர்க்கிடமிருந்து ஃபைபர் கேபிள் வழியே சேனல்களை வாங்கிக்கொள்கிறார். மொட்டை மாடியில் மூன்று டிஷ் சும்மா கிடந்தன. இரண்டு பன்னிரண்டடி ஃபைபர் (கண்ணாடியிழையில் செய்த மூடிய டிஷ்), ஒன்று பத்தடி அலுமினிய மெஷ், எட்டு இதழாகக் கழற்றக்கூடியது. "ஃபைபரையும் எடுத்துக்கங்க தம்பி, சும்மாவே தர்றேன்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன், எடைக்காக மட்டும் இல்லை. கரூரிலிருந்து 66-ஐப் பார்க்க டிஷ் 71 டிகிரி நிமிர வேண்டும், வானத்தைப் பார்த்த சட்டி மாதிரி. மழை பெய்தால் தண்ணீர் நடுவில் நிற்காது. பன்னிரண்டடி டிஷ்ஷில் நடுவிலிருந்து கிட்டத்தட்ட மூன்றடி தள்ளி, சாய்ந்த பக்கத்தில் தேங்கும். நடு ஓட்டையால் பயனில்லை, அந்த இடம் பார்த்துத் தனியாகத் துளை போட வேண்டும். மெஷ்ஷில் இந்தத் தொல்லையே கிடையாது. துளைகள் 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சி பேண்டுக்குப் போதும், நான் வாங்கியதில் 4.

விலையைப் பழைய இரும்புக் கடைக் கணக்கை வைத்துத்தான் பேசினோம். அலுமினியத்தை எடைக்குப் போட்டால் என்ன வருமோ அதற்கு மேல் கொஞ்சம். மவுன்ட் (டிஷ்ஷைத் தாங்கும் சட்டம்), பீட் ஹார்ன் (குவியத்தில் அலையை வாங்கும் குழாய்) எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். குட்டியானை வாடகை 2,200. ஏற்றி இறக்க இரண்டு பேருக்கு 800.

குட்டியானைக்காரர் வந்ததும் மேலே பார்த்துவிட்டு, "எதுக்குங்க கழட்டிக்கிட்டு, அப்படியே கவுத்துப் போட்டுக் கயிறு கட்டிரலாம்ங்க" என்றார். கூடாது. ஆறடி டிஷ்ஷை அப்படிக் கொண்டுவந்துதான் கெடுத்தேன். வண்டியின் தொட்டி ஐந்தடி அகலம்கூட இல்லை. டிஷ் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், போலீஸ்காரர் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது. அதைவிட மோசமானது கயிறு. விளிம்பின் இரண்டு எதிர்ப்பக்கங்களில் கயிற்றை இறுக்கினால் அந்த இரண்டும் கீழே போகும், மற்ற இரண்டும் மேலே எழும். பார்வைக்குத் தெரியவே தெரியாது. நாம் காசு கொடுத்து வாங்குவது அலுமினியத்தை அல்ல, அந்த வளைவைத்தான்.

அதனால் கழற்றினோம். போல்ட் எல்லாம் துருப்பிடித்திருந்தன. முந்தின நாளே போய் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்ததால் பாதி சுலபமாக வந்தன, மீதியை ஆக்சா பிளேடால் அறுத்தோம். இதழ்களுக்கு 1 முதல் 8 வரை பெயின்ட்டில் எண் போட்டேன். பக்கத்து இதழோடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடும் இழுத்தேன். இருபது வருஷம் ஒன்றோடொன்று இருந்த துளைகள் தத்தம் ஜோடிக்குப் பழகியிருக்கும், மாற்றிப் பூட்டினால் போல்ட் நேராக இறங்காது. இதுவரை சரியாகத்தான் செய்தேன்.

ஏற்றும்போது ஒன்றின் மேல் ஒன்றாக அப்பளம்போல் அடுக்கக் கூடாது. அடியில் இருப்பது மேலே உள்ள ஏழின் கனத்தில் தட்டையாகிவிடும். ஓரத்தில் நிமிர்த்தி, அகலமான விளிம்பு கீழே இருக்க, ஒன்றுக்கொன்று நடுவே பழைய சைக்கிள் டியூபைக் கொடுத்து நிறுத்தினேன். அடியில் வைக்கோலும் சாக்கும். கயிறு மெஷ்ஷில் படவே இல்லை, பின்பக்கக் கம்பிகளில் மட்டும்தான். ஆடி மாதம், அரவக்குறிச்சியைத் தாண்டும்போது காற்று வண்டியையே ஒதுக்கியது. இதழ்களை வண்டி போகும் திசைக்கு நீளவாக்கில் நிறுத்தியிருந்ததால் முன்காற்று பிடிக்கவில்லை. பக்கவாட்டுக் காற்று மெஷ் வழியே போய்விட்டது. நாற்பதைத் தாண்ட வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன், அவரும் தாண்டவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் கரூர் வந்து சேர்ந்தது.

வந்ததும் பூட்டி நூல் கட்டிப் பார்த்தேன். நூல் என்றால் பருத்தி நூல் வேண்டாம், தொய்யும். தூண்டில் நரம்பு நல்லது. இதழ் 1-இலிருந்து 5-க்கு ஒன்று, 3-இலிருந்து 7-க்கு ஒன்று, நடுவில் குறுக்கிடும்படி. விளிம்பு ஒரே மட்டமாக இருந்தால் இரண்டும் தொட வேண்டும். எனக்கு 22 மில்லிமீட்டர் இடைவெளி. அதாவது விளிம்பில் ஒரு ஜோடி 11 மேலே, இன்னொரு ஜோடி 11 கீழே. 4 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 7.5 சென்டிமீட்டர், அதில் பதினாறில் ஒரு பங்குக்குள், நாலரை மில்லிமீட்டருக்குள், பிழை அடங்க வேண்டும். 11 எங்கே, நாலரை எங்கே!

முதல் ஞாயிறு முழுக்க வழியில்தான் ஏதோ வளைந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு இதழாகத் தரையில் கவிழ்த்துப் பார்த்தேன். எட்டும் ஒன்றுபோல உட்கார்ந்தன. இரண்டாம் ஞாயிறு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் நண்பரைக் கூட்டிவந்தேன். கரூரில் இருப்பதில் இது ஒரு பாக்கியம், அலுமினியமும் ரிவெட்டும் அறிந்த கை எந்தத் தெருவிலும் கிடைக்கும். அவர் பின்னால் போய் நடுத் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதழ்ல ஒண்ணுமில்லீங்க, உட்கார்ற இடத்தைப் பாருங்க" என்றார். அங்கேதான் விஷயம். ஒவ்வொரு இதழும் நடுத் தட்டில் இரண்டு வரிசை போல்ட்டில் நிற்கிறது. வரிசைகளுக்கு நடுவே 12 சென்டிமீட்டர். விளிம்போ உள்வரிசையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். வெளிவரிசை போல்ட்டுக்கு அடியில் 1 மில்லிமீட்டர் ஏறினால் விளிம்பு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் ஏறும். துருத் துணுக்கு ஒன்று போதும், எல்லாம் கெட்டுவிடும்.

துரு சுரண்டினோம். 22, 20 ஆனது. அவ்வளவுதான்.

அன்று இரவு, போல்ட் போட்டு வைத்திருந்த டப்பாவில் நாலு மெல்லிய வாஷர் மிச்சம் இருப்பது கண்ணில் பட்டது. புது போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டிருந்ததால் முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வாங்கும் முன் எடுத்த போட்டோக்களில் டிஷ்ஷின் முதுகு ஒன்றில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 3-ஆம் இதழ், 7-ஆம் இதழ், இரண்டிலும் வெளிவரிசையில் தட்டுக்கும் இதழுக்கும் இடையே ஜோடி ஜோடியாக வாஷர்! எதிரெதிர் இதழ்கள். இருபது வருஷத்துக்கு முன் இதை நிறுத்திய பிட்டர் இதே நூலைக் கட்டி, இதே பிழையைப் பார்த்து, வாஷர் கொடுத்துச் சரி செய்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த வேலையை நான் ஒரே டப்பாவில் கொட்டிக் கலைத்திருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு, நேற்று, நாலையும் திருப்பிப் போட்டேன். இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள் வந்தது, நூலை லேசாகத் தட்டினால் தொடுகிறது. அந்த நூல் சந்திப்பிலிருந்தே ஆழம் அளந்தேன், 50 சென்டிமீட்டர். விட்டம் 305 சென்டிமீட்டர்; 305-ஐ 305-ஆல் பெருக்கி, 16 மடங்கு ஆழத்தால் வகுத்தால் குவியம் 116. பீட் ஹார்னைச் சுற்றியுள்ள ஸ்கேலர் ரிங்கை, குவியத்தை விட்டத்தால் வகுத்து வரும் 0.38-ல் வைத்தாயிற்று. எல்.என்.பி.யை நம்மூரில் 66-க்குக் கிட்டத்தட்ட 47 டிகிரி திருப்ப வேண்டும், அதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

காற்று எழும்புவதற்குள் டிஷ்ஷின் பழைய தாங்குகாலிலேயே மணல் மூட்டை வைத்து நிறுத்திப் பார்த்தேன். அதே ரிசீவர் பெட்டி, அதே டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளின் ஒரு அலைவரிசை). ஆறடியில் சிக்னல் குவாலிட்டி வரும் போகும். வாஷர் இல்லாமல் போன வாரம் 41. நேற்று 73, அசையவே இல்லை. 68.5-இன் கலப்பும் போய்விட்டது. பத்து மணிக்குக் காற்று வந்ததும் இறக்கிக் கவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

எல்.என்.பி. பற்றி ஒரு வார்த்தை. 3.4 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து எடுக்கும் பழைய வகை இனி வேண்டாம். நம் நாட்டில் 5ஜி 3.3-இலிருந்து 3.67 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, டவர் பக்கத்தில் இருந்தால் எல்.என்.பி. திணறிவிடும். 3.7-இலிருந்து 4.2 வரை மட்டும் எடுக்கும் ஃபில்டர் வைத்தது சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. கடைக்காரர் இரண்டு வகை காட்டுவார், உறையில் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து 36 அங்குல ஆக்சுவேட்டர் (டிஷ்ஷைத் தள்ளித் திருப்பும் மோட்டார் தண்டு) போட்டு 105.5 ஆசியாசாட் 7 வரை நகர்த்த ஆசை. அதற்கு போலார் மவுன்ட், அதாவது செயற்கைக்கோள்கள் நிற்கும் வளைவைப் பின்பற்றித் திரும்பும் மவுன்ட், வேண்டும், பட்டறை நண்பர் பற்றவைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் குழி. நாலு அங்குல ஜி.ஐ. பைப், மூன்றடி ஆழம், அடியில் குறுக்கே இரண்டு கம்பி பற்றவைத்து, காற்றில் பைப் கான்கிரீட்டுக்குள் சுழலாதபடி. இந்த அளவு மூடிய டிஷ்ஷாக இருந்தால், நேராக எதிர்த்து நிற்கையில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். மெஷ்ஷில் அது குறையும், இருந்தாலும் ஆடி முடியாமல் நிறுத்துவதாக இல்லை. ஆவணி பிறந்ததும் கான்கிரீட், ஏழு நாள் தண்ணீர், அப்புறம் மறுபடி நூல்.

மறுபடி கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதும் முடிவாகிவிட்டது. நாலு வாஷரும் எந்த இதழ், எந்தப் போல்ட் என்று இதழின் முதுகிலேயே பெயின்ட்டில் எழுதிவிட்டேன்.