அப்பா நினைவாகப் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துப் போட்டி

சாயங்காலமானால் மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த ஒரு அப்பா போய்விட்டால், முதலாம் ஆண்டு நினைவுக்கு வீட்டில் எழும் முதல் யோசனை ‘அவர் பெயரில் ஒரு கோப்பை’ என்பதுதான். கோப்பையைக் கடைசி வாரத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். முதலில் அவருடைய நோட்டை எடுத்துப் படியுங்கள். யார் வந்தார்கள், யாருக்கு இடது கால் பழக்கம், எந்தப் பையன் போன தடவை வெளியிலேயே உட்கார்ந்திருந்தான் என்று பென்சிலில் கிறுக்கி வைத்திருப்பார். போட்டியின் விதிகள் அந்தக் கிறுக்கல்களிலிருந்து வரட்டும். (நோட்டை லேமினேட் செய்யாதீர்கள். கிழிந்த பக்கத்தில் செலோடேப்பும் வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தால் போதும்.)

நினைவுப் போட்டிகளில் நடக்கும் பெரிய தப்பு நாக் அவுட், அதாவது ஒரு தடவை தோற்றால் வெளியே. 8 அணிகளைக் கூப்பிட்டால் 7 ஆட்டத்தில் கோப்பை முடிந்துவிடும், ஆனால் 4 அணிகள் ஒரே ஆட்டத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். பிள்ளைகளை ஆட வைக்கவே வாழ்ந்த ஒருவர் பெயரில் இதையா செய்வது?

12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு காலை நேரத்தில் முடிகிற ஏற்பாடு இது. 8 அணி, அணிக்கு 10 பேர், களத்தில் 7 பேர். நான்கு நான்காக இரண்டு பிரிவு, பிரிவுக்கு 6 ஆட்டம். முழு அளவு மைதானம் என்றால் அகலவாக்கில் 55 மீட்டருக்கு 37 மீட்டர் என இரண்டு சின்னக் களம் போடலாம். நடுவே தாராளமாக இடம் மிஞ்சும். பாதிக்கு 10 நிமிடம், இடைவேளை 3, அணி மாற 5, ஆக ஆட்டத்துக்கு 28 நிமிடம்.

ஆட்ட வரிசை முக்கியம். பிரிவின் அணிகளுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்து 1-2, 3-4, 1-3, 2-4, 1-4, 2-3 என்று வைத்தால், பிரிவு ஆட்டங்களில் ஒரே அணி அடுத்தடுத்து ஆட வேண்டிய நிலை இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகும் நான்காவதுக்குப் பிறகும் மட்டும்தான் வரும். அந்த இரண்டு இடத்திலும் 10 நிமிடம் கூடுதல் ஓய்வு கொடுங்கள். அரையிறுதி இரண்டும் ஒரே நேரத்தில், பிறகு இறுதி. 7 மணிக்கு முதல் விசில் என்றால் 11 மணி சுமாருக்கு எல்லாம் முடியும்.

எல்லாரும் ஆட வேண்டும் என்பதை வேண்டுகோளாக வைத்தால் எந்தக் கோச்சும் கேட்க மாட்டார். விதியாக எழுதுங்கள்: முதல் பாதியில் வெளியே இருந்த 3 பேரும் இரண்டாம் பாதியைத் தொடங்க வேண்டும், அடிபட்டால் ஒழிய வெளியே எடுக்கக் கூடாது. ஸ்கோர் எழுதுபவர் இடைவேளையில் பெயர்ப் பட்டியலில் மூன்று டிக் போட்டால் கண்காணிப்பு முடிந்தது. அதேபோல, புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்போம் என்று மொட்டையாக எழுதினால் தோற்றுக்கொண்டிருக்கும் அணி மேல் 11, 12 என்று கோல் ஏறும். ஒரு ஆட்டத்துக்கு 4 கோல் வித்தியாசம் வரைதான் கணக்கு என்று சேர்த்து அச்சடியுங்கள்.

வயதுத் தகராறு நிச்சயம் வரும். பிறந்த தேதிச் சான்றை, எந்த அணி எந்தப் பிரிவு என்ற குலுக்கலுக்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். அன்று காலையில் பார்த்தால் அழுவது பையன்தான், அவனைக் கூட்டிவந்தவர் இல்லை.

பந்து 4-ஆம் எண். களத்துக்கு இரண்டு. காற்றடிக்கும் ஊசியை நனைத்துவிட்டுக் குத்த வேண்டும். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும், ஆட்டம் பாதியில் பந்து தொய்ந்து போகும். தூக்கி வைக்கும் கோல் போஸ்ட்டாக இருந்தால் பின்பக்கக் கம்பியின் இரு மூலையிலும் மணல் மூட்டை கட்டாயம். குறுக்குக் கம்பியில் பிள்ளைகள் தொங்குவார்கள், போஸ்ட் முன்பக்கமாகக் கவிழும். இதில் உயிரே போயிருக்கிறது. தலையில் அடிபட்டு மந்தமாகத் தெரிந்த பிள்ளைக்கு அன்று மறுபடி ஆட்டம் கிடையாது; டாக்டரிடம் அனுப்புங்கள். இடி கேட்டால் எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டுக் கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் பொறுக்க வேண்டும்.

பக்கத்துப் பக்கத்துக் களத்தில் ஒரே சத்தமுள்ள விசில் ஆகாது. அங்கே ஊதினால் இங்கே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஒன்று உருண்டை உள்ள விசில், மற்றது உருண்டை இல்லாதது என்று பிரித்துக் கொடுங்கள். முதல் ஆட்டத்தை அப்பாவின் பழைய விசிலால் தொடங்க ஆசையாக இருக்கும். நல்ல யோசனை, ஆனால் ஒரு வாரம் முன்பே ஊதிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கார்க் உருண்டையில் அழுக்கேறி ஒட்டியிருந்தால் வெறும் காற்றுதான் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் வராவிட்டால் மேசையில் வைத்துவிடுங்கள், மைக் முன்னால் முயன்று பார்க்க வேண்டாம்.

பேச்சு மொத்தம் 4 நிமிடம். வெயிலில் 80 பிள்ளைகள் நிற்கிறார்கள். அவரிடம் ஆடி வளர்ந்த ஒருவர் பேசினால் போதும். அவருடைய கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தைக் கோட்டோரம் வைத்தால் பந்து தேடிப் போய் அடிக்கும். ஸ்கோர் மேசைக்குப் பின்னால் வையுங்கள். ஓடியாடும் வேலையைப் பழைய மாணவர்களிடம் விடுங்கள். அந்த மனிதரின் சாயங்காலங்களை மைதானத்துக்குக் கொடுத்த வீடு அது, இந்த ஒரு நாளாவது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கட்டும்.

மெடல் 80-க்கு 90 சொல்லுங்கள். சுழல் கோப்பையின் முகப்பில் பெயர் மட்டும் இருக்கட்டும், வருடத்தைச் சின்னத் தகட்டில் அடித்து அடிக்கட்டையில் பதிக்கலாம். அடுத்த வருடம் இடம் வேண்டுமே. பெயரின் எழுத்துகளை வீட்டார் ஒருவர் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், போனில் சொன்னால் தப்பாக அடிப்பார்கள். சிறந்த ஆட்டக்காரர் பரிசைவிட, கோன்களைக் கேட்காமலே பொறுக்கி அடுக்கிய பிள்ளைக்கு ஒரு பரிசு வைத்தால் அவரை அறிந்தவர்களுக்கு உடனே புரியும்.

கிளம்பும் முன் பந்துகளை எண்ணுங்கள். மறுபடி எடுக்க மாதக்கணக்காகும் என்றால் கொஞ்சம் காற்றை இறக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அப்போதும் ஊசியை நனைத்துக்கொள்ளுங்கள்.