பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி

"தம்பி, சூடெல்லாம் நல்லாத்தான் ஆகுது, ஆனா கதவைத் திறந்தா வீட்டுக்கே கரண்ட் போயிடுது" என்றார் உறையூரில் ஓர் அக்கா. மைக்ரோவேவ் ரிப்பேர் என்று போனால் பெரும்பாலும் "லைட் எரியுது, தட்டு சுத்துது, சாப்பாடுதான் சூடாகல" என்பார்கள், கையும் பழக்கத்தில் டயோடு, கரண்டைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர், சூடாக்கும் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் பக்கம் போய்விடும். இது வேறு மாதிரி இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, முதல் வேலையாகக் கெப்பாசிட்டரில் இருக்கும் சார்ஜை இறக்கினேன். டிரான்ஸ்பார்மரில் இருந்து 2,000 வோல்ட் சொச்சம் வரும், அதைக் கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து 4,000 வரை ஏற்றி மேக்னட்ரானுக்குக் கொடுக்கும். கெப்பாசிட்டருக்குள்ளேயே 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு, அது நன்றாக இருந்தால் பிளக்கை எடுத்த ஒரு நிமிடத்தில் சார்ஜ் இறங்கிவிடும். நன்றாக இருந்தால்! வேலை பழகிய புதிதில், காலையில் பிளக்கைப் பிடுங்கி வைத்த பெட்டிதானே என்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உள்ளே கை விடப் போனேன். கடை அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, பிடி நீளமான ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தார். வெடிச் சத்தம், ஸ்க்ரூடிரைவர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு குழி. அவர் ஒன்றுமே சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். இப்போது நான் தடிமனான இன்சுலேஷன் ஒயரில் ரெசிஸ்டர் கட்டி வைத்திருக்கிறேன், முனைக்கு முனை ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு முனையிலிருந்தும் பாடிக்கு ஒருமுறை. பெட்டி ஓடும்போது அந்தப் பக்கம் மீட்டர் வைப்பதே கிடையாது, சாதாரண மல்டிமீட்டர் தாங்கும் வோல்டேஜ் இல்லை அது.

சரி, அக்கா வீட்டுப் பெட்டிக்கு வருவோம். பீங்கான் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த மெக்கானிக் செய்தது. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் மூன்று சின்ன ஸ்விட்ச் இருக்கும். இரண்டு, கதவைத் திறந்தால் கரண்டை நிறுத்தும். மூன்றாவது மானிட்டர் ஸ்விட்ச், அது மற்றதை வேவு பார்க்கிறது. முதல் ஸ்விட்ச் உள்ளே ஒட்டிப்போய் கதவு திறந்தும் கரண்ட் வந்துகொண்டிருந்தால், இது வேண்டுமென்றே ஷார்ட் பண்ணி பியூஸை எரித்துவிடும். திறந்த கதவோடு பெட்டி ஓடவே கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. திறந்த கதவு வழியாக அலை வெளியே வந்தால் ஆளையும் சூடாக்கும். கண்ணில் இருக்கும் லென்ஸுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, சூடு ஏறினால் இறங்க வழியில்லை.

ஆக, பியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துதான் எரிந்திருக்கிறது. அதற்குப் பரிசாகக் கம்பியைப் போட்டதால், ஷார்ட் ஆகும்போதெல்லாம் வீட்டு எம்சிபி, அதாவது மெயின் போர்டில் தானாகக் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச், விழுந்துகொண்டிருந்தது. அந்த மெக்கானிக் மானிட்டர் ஸ்விட்சைத் துண்டித்துவிடாமல் போனதே பெரிய புண்ணியம், அப்படிச் செய்த பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் அலை வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா சீட்டில் எண்ணெய் படிந்து பொறி பறந்தால் மேக்னட்ரான் போச்சு என்று பில் போடுகிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம், அதில் பணம்தான் போகும்.

மீட்டரில் பார்த்தால் முதல் ஸ்விட்ச், அமுக்கினாலும் விட்டாலும் ஒரே மாதிரி பீப் அடித்தது. மூன்று ஸ்விட்சையும் மாற்றினேன். ஷார்ட் ஆகும்போது அத்தனை கரண்டும் மானிட்டர் வழியாகத்தான் போயிருக்கும், அதை நம்பி விட முடியாது. கதவின் கொக்கியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரியான ஆம்பியரில் பியூஸ் போட்டேன்.

"ஒரு கம்பி மூணு மாசம் ஓடுச்சே தம்பி, இதுக்கு இவ்வளவா?" என்றார் அக்கா. பதில் சொல்லாமல் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்து ஒரு நிமிடம் ஓட்டினேன், 11 டிகிரி ஏறியது. ஏறிய டிகிரியை 70 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வாட் கிடைக்கும், 800 வாட் பெட்டிக்கு அது போதும். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரையே கதவைத் திறக்கச் சொன்னேன். பயந்துகொண்டே திறந்தார். பெட்டி நின்றது, ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை என்றேன், திறந்தார். மூன்றாவது தடவை கேட்டபோது, "போதும் தம்பி, சாம்பாரை வைக்கணும்" என்று தண்ணீரை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.